குளிர் அலையில் கொட்டகை: சூட்டு விளக்கா, படுக்கையா, போர்வையா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணக் கடலோரத்தில், டோங்காட், வெருலம் பக்கம் ஆடும் கோழியும் வளர்க்கும் நம்மவர்களுக்குக் குளிர் பெரிய கவலை இல்லை. உள்நாட்டு மேட்டுநிலத்தில் நிலைமை வேறு. 2024 செப்டம்பரில், குளிர்காலம் கழிந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், வான் ரீனென் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலையே அடைபட்டது. அத்தகைய குளிர் அலைக்கு முன் கையிலிருக்கும் பணத்தை எதில் போடுவது என்பதே கேள்வி.

உண்மையில் கால்நடையைக் கொல்வது வெறும் குளிர் அன்று; மழையும் காற்றும் சேர்ந்த குளிர். உலர்ந்த, அடர்ந்த குளிர்கால ரோமமுள்ள பசு மைனஸ் 7 டிகிரி வரைகூடச் சமாளிக்கும்; அதே பசு நனைந்துவிட்டால் ஏறக்குறைய 15 டிகிரியிலேயே உடற்சூட்டைக் காக்கக் கூடுதல் தீனியை எரிக்கத் தொடங்கிவிடும். ரோமம் கத்தரித்த அங்கோரா ஆடுகள் ஒரே குளிர்மழையில் மந்தையாக மடிவதும் இதனால்தான்.

சூட்டு விளக்கு இக்கணக்கில் எங்கே நிற்கிறது? முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் தேவைப்படும் கோழிக்குஞ்சுகளுக்கு அதுவோ எரிவாயுக் கணப்போ இன்றியமையாதது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நான் அதை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். 250 வாட் விளக்கு ஒரு சிறு வட்டத்தை மட்டுமே சூடாக்கும்; வைக்கோலில் விழுந்தால் கொட்டகையே எரியும்; மின்வெட்டு என்றால் என்னவென்று இந்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைவிடக் கேடு, சூடு வெளியேறாதபடி கொட்டகையை இறுக அடைத்துவிடுவது. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா நெஞ்சை அரித்து நிமோனியாவுக்கு வழிவிடும்.

படுக்கையின் பலன் இதைவிட நிச்சயமானது. கன்று படுத்திருக்கும்போது அதன் கால்கள் வைக்கோலுக்குள் மறைந்துவிட்டால் ஆழம் போதும் என்று கொள்ளலாம். அரை நிமிடம் அதில் மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால் நனைந்தால் மாற்றியாக வேண்டும். மரஅறுவை ஆலைகளில் கிடைக்கும் மரச்சீவல் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் உடலைச் சுற்றி அணைக்காது. ஆகவே அடியில் சீவலும் மேலே வைக்கோலும் பரப்புவதே சிறந்தது.

மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றுக்கு 15 டிகிரிக்குக் கீழேயே குளிர் உறைக்கத் தொடங்குவதால், கன்றுப் போர்வைக்கும் இடமுண்டு. அது நீர் புகாததாக இருக்க வேண்டும், உள்ளே வியர்த்திருக்கிறதா என்று நாளும் பார்க்க வேண்டும். நனைந்த கோணிச்சாக்கைக் கட்டுவதற்கு ஒன்றும் கட்டாமலே விட்டுவிடலாம்.

தீனியிலும் இப்படி ஒரு போட்டி உண்டு. குளிரென்று சோளத்தைத் திடீரெனக் கூட்டினால் வயிற்றில் அமிலம் மிகும். உலர்புல்லோ இரைப்பையில் நொதிக்கும்போதே மாட்டுக்குச் சூடு தரும். மாலையில் கூடுதலாகப் போடும் எரக்ராஸ்டிஸ் என்னும் தீவனப்புல்லின் உலர்கட்டே இரவைத் தாங்க உதவும். பிறந்த கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டுவதற்கு ஈடாக எந்தப் போர்வையும் இல்லை.

ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்பவர் விளக்கையும் போர்வையையும் தள்ளிவைத்து, வைக்கோலோடு ஒரு தார்ப்பாய் வாங்கட்டும். இங்கே குளிர்க்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் அப்பக்கத்தை மறைத்துக் கட்டி, கூரைக்குக் கீழே காற்று வெளியேற ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும்.