ராத்திரி 1.52-க்கு கடன் கொடுத்த வங்கி, "பின் நம்பர் போட்டது நீங்கதானே" என்கிறது: ரம்மி ஆப்பில் ₹1,86,400 போச்சு

₹1,86,400. காவேரிப்பட்டணம் மண்டியில் மாங்காய் போட்ட பணம் 1,05,000. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த சம்பளம் 21,400. நடுராத்திரியில் வங்கியே நீட்டிய கடன் 60,000. அக்கா மகன் கணக்கிலிருந்து ஒன்பது ராத்திரியில் மொத்தமும் போய்விட்டது. அவன் அப்பாவான மாமாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, அதனால் மண்டிக்காரர் மாங்காய்ப் பணத்தை இவன் கணக்கில் போட்டுவிட்டார்.

பணம் போனது, டெலிகிராம் லிங்க் வழியாக அவன் இறக்கிய ஒரு ரம்மி ஆப்பில். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டதும், பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. அந்த இடத்தில் புகுந்த கும்பல் இது. ஆப் ஸ்டோரில் தேடினால் கிடைக்காது.

நம்ப வைத்த விதம் இதுதான்: பையன் முதலில் 500 போட்டான். 1,150 ஜெயித்ததாகக் காட்டியது. எடுக்கிறேன் என்றதும் நாலே நிமிடத்தில் கணக்குக்கு வந்துவிட்டது. அதை அனுப்பியது ஆப் கம்பெனி இல்லை, யாரோ ஒரு தனிநபர். ஒருவன் கட்டிய பணத்தை இன்னொருவனுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அந்த 1,150 வந்த பிறகு யார் சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை. கடைசியில் திரையில் 38,000 இருந்தது. எடுக்கப் போனால் "30 சதவீதம் வரி முன்கூட்டிக் கட்டுங்க" என்று 11,400 கேட்டார்கள். கட்டினான். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரிப் பிடித்தம் உண்டு, ஆனால் அதைக் கொடுக்கிறவன் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவான். தனியாகக் கட்டச் சொன்னாலே அது மோசடி. அதன்பிறகு "சர்வர் மெயின்டனன்ஸ் சார், 24 மணி நேரம்" என்றார்கள். அடுத்து பிளாக்.

திருடன் திருடத்தான் செய்வான். வங்கி மேல்தான் எனக்கு ஆத்திரம். ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள், எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும். எல்லாம் இரவு 11.40-க்கும் 3 மணிக்கும் நடுவில். 500, 1,000, 2,000, 5,000, 10,000 என்று ஏறுவரிசை. விட்டதைப் பிடிக்கிறவன் கை இப்படித்தான் போகும். ஒவ்வொரு தடவையும் புது யுபிஐ ஐடி, அதற்கு முன் ஒரு ரூபாய்கூடப் போகாத பெயர்கள். சம்பளம் ஏறிய அன்றே பாதி காலி.

கடைக்குப் பணம் போனால் அந்தப் பரிவர்த்தனையோடு நாலு இலக்க வணிகக் குறியீடு ஒன்றும் போகும். சூதாட்டத்துக்கு 7995. பிரிட்டனில் மான்சோ, ஸ்டார்லிங் வங்கிகள் 2018-லேயே இந்தக் குறியீட்டை வைத்து, சூதாட்டத்துக்குப் பணம் போகாமல் தடுக்கும் ஒரு பூட்டைத் தங்கள் ஆப்பிலேயே கொடுத்தன. மான்சோவில் பூட்டைத் திறக்கக் கேட்டால் 48 மணி நேரம் காக்க வேண்டும், அதற்குள் வெறி தணிந்துவிடும் என்ற கணக்கு. 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் கிரெடிட் கார்டில் சூதாடத் தடை. ஆனால் அந்தப் பூட்டு மட்டும் இவனைக் காப்பாற்றியிருக்காது. இந்தக் கும்பல் கடைக் கணக்கே வைத்திருக்கவில்லை. வாடகைக்கு வாங்கிய தனிநபர் கணக்குகள், அவற்றில் குறியீடு 0000 என்றுதான் விழும். நம் பக்கத்துப் பையன்களே மாதம் சில ஆயிரத்துக்குப் பாஸ்புக்கையும் சிம்மையும் கொடுத்துவிட்டுப் பிறகு போலீஸில் மாட்டுகிறார்கள். அதனால் இங்கே குறியீட்டை மட்டும் பார்த்தால் போதாது. நேரம், தொகை ஏறும் விதம், புதுப்புது ஆட்கள், நடுவில் கடன், இந்த நாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று விதி போட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

வங்கி பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகப் பார்த்தது. இருப்பு 214 ரூபாய்க்கு இறங்கியபோது 1.52-க்கு மெசேஜ்: உங்களுக்காக 60,000 கடன் தயார். ஒரு ஓடிபி, பணம் ஏறிவிட்டது. அடுத்த முக்கால் மணி நேரத்தில் பத்துப் பத்தாயிரமாக ஆறு தடவை வெளியே போனது. கடன் விற்க அவன் கணக்கை அலசத் தெரிந்த கணினிக்கு, "தம்பி, நிறுத்து" என்று ஒரு வரி அனுப்பத் தெரியாதா?

கிளையில் கேட்டால் "பின் போட்டது உங்க பையன்தானே சார்." கஸ்டமர் கேரில் கேட்டால் "கிளையை அணுகவும்." மறுபடி கிளை: "கடன் சிஸ்டம் தானா கொடுக்குது, எங்க கையில இல்ல." மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும் என்கிற ரிசர்வ் வங்கி விதி, நமக்குத் தெரியாமல் எடுத்த பணத்துக்குத்தான். தானே பின் போட்டு அனுப்பியதற்குச் செல்லாது. அது சரி, ஒத்துக்கொள்கிறேன். கடன் கதைக்கு மட்டும் இன்றுவரை எழுத்தில் பதில் இல்லை. இ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாமல் பிடிக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது:

மாங்காய்ப் பணம், பட்டுக்கூடு பணம், தக்காளிப் பணம் எதையும் யுபிஐ இணைத்த கணக்கில் போடாதீர்கள். பெரியவர் பெயரில், அவர் நம்பரில் தனிக் கணக்கு, அதற்கு யுபிஐ வேண்டாம். பிள்ளைகள் கணக்கில் தினசரி யுபிஐ வரம்பை வங்கி ஆப்பிலேயே 2,000, 3,000 என்று குறைத்து வையுங்கள். முன்கூட்டி ஒப்புதல் அளித்த கடன் வேண்டாம் என்று கிளையில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். தானாகப் பணம் பிடிக்க ஒப்புதல் கொடுத்த ஆட்டோபே பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண். ஒவ்வொரு பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணும் கையில் இருக்கட்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் அந்தப் பக்கக் கணக்கில் மிச்சமிருப்பதை நிறுத்திவைக்க முடியும். இவன் பயந்துபோய் மறைத்ததில் 1,86,400-ல் எதுவுமே சிக்கவில்லை. புதிய மத்தியச் சட்டத்தில் ஆடியவனுக்குத் தண்டனை கிடையாது, அதனால் பயந்து ஒளிக்காதீர்கள். வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். பையன் தூங்காமல் கிடந்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

"போன பணத்தை மீட்டுத் தருகிறோம், 5,000 கட்டுங்க" என்று இப்போதே அவனுக்கு மெசேஜ் வர ஆரம்பித்துவிட்டது. அதுவும் அதே கும்பல்தான். கட்டாதீர்கள்.