மிலோஸ்ல ஸ்கிப்பரோட எடுத்த போட்: காத்து தெரிஞ்ச ஆளு, குளிராத ஃப்ரிட்ஜ்

ஆகஸ்ட்ல கிரீஸ்ல இருக்குற மிலோஸ் தீவுக்குப் போறவங்க போட் அழகா இருக்கானு பாக்குறதுக்கு முன்னாடி ஸ்கிப்பருக்கு, அதாவது போட்டை ஓட்டுற கேப்டனுக்கு, காத்து தெரியுமானு கேளுங்க, கோடையில வடக்குலேர்ந்து மெல்டெமிங்குற பலமான காத்து அடிக்கும், போட்டோல மயக்குற சரகினிகோ வடக்கு கரையில இருக்கு, காத்து அடிக்கிற அன்னிக்கு அங்க நங்கூரம்லாம் நினைச்சே பாக்காதீங்க. எங்க ஸ்கிப்பர் நேரா தெற்கு கரையில இருக்குற ப்ரொவாட்டாஸ் பீச்சுக்கு கொண்டு போயிட்டாரு. தண்ணிக்கடியில கருப்பா தெரியுற புல்லு திட்டை விட்டுட்டு வெளிர் மணலா பாத்து நங்கூரம் இறக்கி, ரிவர்ஸ்ல இழுத்துப் பாத்து, அதுவும் பத்தாதுனு நீச்சல் கண்ணாடி மாட்டிக்கிட்டு தண்ணில குதிச்சு நல்லா புதைஞ்சிருக்கானு பாத்துட்டுத்தான் பீரைத் தொட்டாரு. மலையிலேர்ந்து காத்து குப்பு குப்புனு இறங்குது, ஆனா பெரிய அலை இல்ல. பாறைக் குகைங்க இருக்குற கிளெஃப்டிகோ பகல்ல செம, ராத்திரி தங்க வேணாம்னுட்டாரு, சரிதான். ஃப்ரிட்ஜ் மட்டும் குளிரவே இல்ல, போட் வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு சொல்லியும் கண்டுக்கல. ஸ்கிப்பருக்காக நாலு ஸ்டார்.