கன்சோலில் யார் பெயர் இருந்தால் என்ன? ஆலயத்துக்கு டிஜிட்டல் ஆர்கன் வாங்குமுன்

கன்சோலில், அதாவது ஆர்கன் வாசிக்கும் மேசையில், பெரிய கலைஞரின் பெயர் இருந்தால் அது நம் ஆலயத்திலும் நன்றாக ஒலிக்குமா? அமெரிக்க ஆர்கன் கலைஞர் கேமரன் கார்பென்டருக்காக அமெரிக்காவின் மார்ஷல் அண்டு ஓகிள்ட்ரீ நிறுவனம் செய்த டிஜிட்டல் ஆர்கன் 2014-ல் மேடையேறியது. கச்சேரிக் கலைஞர் பக்கத்தில் இருந்து வடிவமைத்த ஆர்கன் என்றால் ஸ்டாப்களின் (ஒலி வகைகளை இயக்கும் விசைகள்) தேர்வு, பிஸ்டன்கள் (சேமித்துவைத்த ஸ்டாப் சேர்க்கையை அழைக்கும் பட்டன்கள்) விரலுக்கு எட்டும் தூரம், காலால் வாசிக்கும் பெடல் பலகையின் வளைவு எல்லாம் கச்சிதமாக இருக்கும். குரல் அமைப்பு, அதாவது கட்டடத்துக்கு ஏற்ப ஒலியைச் சீர்செய்வது, மட்டும் வேறு கதை. எதிரொலி மூன்று, நான்கு விநாடி நிற்கும் கட்டடத்தில் இனிக்கும் மிக்ஸ்சர் ஸ்டாப் (உச்ச ஒலிகளைச் சேர்த்துத் தருவது), பல்லடம் பக்கத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்ட ஆலயத்தில், சபை நிரம்பிய ஞாயிறு, காதில் கம்பியாய்க் குத்தும்.

அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: ஒவ்வொரு கீயின் சத்தத்தையும் பிரகாசத்தையும் ஆலயத்திலேயே தனித்தனியாக மாற்ற முடியுமா, அதைச் செய்ய ஆள் கோயம்புத்தூருக்கு வருவாரா?

அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் 1971-லேயே டிஜிட்டல் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிஜமான பைப் ஆர்கன் குழாயின் ஒலியைப் பதிவுசெய்து வாசிக்கும் சாம்பிளிங் வகையில், பதிவான கட்டடத்தின் எதிரொலியும் சேர்ந்திருந்தால் அதை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. இத்தாலியின் விஸ்கவுன்ட் நிறுவனம், தன் ஃபிசிஸ் வரிசையில் குழாய் ஒலிக்கும் விதத்தையே கணக்கிட்டு ஒலி எழுப்புகிறது. குழாய் பேசத் தொடங்கும் அந்த முதல் "ஃப்" சத்தத்தைக்கூடக் கூட்டலாம், குறைக்கலாம். எதிரொலி இல்லாத நம் ஆலயங்களுக்கு இதுவே எங்கள் தேர்வு.

மூன்றாவது வழி, கணினியில் ஹாப்ட்வெர்க் என்ற ஆர்கன் மென்பொருளும், அதோடு இணையும் மிடி விசைப்பலகைகளும். செலவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பெரிய சாம்பிள் செட் (பதிவான குழாய் ஒலிகளின் தொகுப்பு) 32 ஜிபி ரேமையும் விழுங்கும். பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 512 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 11 மில்லிவிநாடி தாமதம். ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி பால்கனியில் இருந்தால் இன்னும் 29. மொத்தம் 40, வேகமான கீர்த்தனையில் வாசிப்பவர் சபைக்குப் பின்னால் ஓடுவார். ஆராதனை நடுவில் அப்டேட் கேட்டு நிற்கும் கணினியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இன்டர்நெட்டைப் பிடுங்கிவிடுங்கள்.

ரிதம் கீபோர்டு கீர்த்தனைக்குப் போதும். பாமாலையை நான்கு குரலில் பெடலோடு வாசிக்க அது உதவாது.

எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் ஸ்பீக்கருக்கும் மின்சாரத்துக்கும் தனியாக ஒதுக்குங்கள். 16 அடி (குழாய் நீளக் கணக்கு) பெடல் ஸ்டாப்பின் மிகத் தாழ்ந்த சி சுரம், 32.7 ஹெர்ட்ஸ். ஆலயத்தில் ஏற்கெனவே இருக்கும் பேச்சு ஸ்பீக்கரில் அது காற்றாகத்தான் வரும். 15 அங்குல சப்வூஃபர் வேண்டும். எல்லா ஸ்டாப்பையும் இரண்டே சேனலில் அடைத்தால் கூட்டு ஒலி கலங்கும், குறைந்தது நான்கு சேனல் இருக்கட்டும்.

விசைத்தறியும் போர் மோட்டாரும் ஓடும் ஊரில் வோல்டேஜ் இறங்கும்போது ஆர்கன் நடுப்பாட்டில் ரீசெட் ஆகும். வீட்டு இன்வெர்ட்டரின் சதுர அலை, ஆம்ப்ளிஃபையரில் உறுமலாய் வரும். சைன் அலை தரும் ஆன்லைன் யூபிஎஸ் போடுங்கள். ஆர்கனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே எர்த். இடி மழைக் காலத்தில் ஆராதனை முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். கன்சோலின் பின்பலகையில் ஒயர் நுழையும் ஓட்டையை கம்பி வலையால் அடைக்காவிட்டால், அடுத்த பழுது எலியால்தான் வரும்.