ஒன்பது மாதம் ஒரு நிலக்கரிக் கப்பலில்: கம்பெனி எப்படி?

தொண்டிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் நாலு பையன்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணே, அந்தக் கம்பெனி எப்படி? சேரலாமா?" ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே விடுகிறேன். கம்பெனி பேர் போடவில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும்.

எனக்கு ஏபி வேலை, அதாவது டெக்கில் வேலை பார்க்கும் மாலுமி. பனாமா கொடி, சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியர். சம்பளம் மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் விழுந்துவிடும். சாப்பாடு சுமார். சாம்பார் என்று ஒன்று வைப்பார்கள், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சேர்வதற்கு ஒரு பைசா கேட்கவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஏஜெண்ட் இதே மாதிரி வேலைக்கு என் மச்சானிடம் மூணு லட்சம் கேட்டான். வேலை பிடித்துக் கொடுப்பதற்கு மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்று கடல் தொழிலாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான எம்எல்சி 2006-லேயே இருக்கிறது. ஆள் எடுக்கும் ஆபீஸுக்கு மத்திய அரசின் கப்பல் துறையான டிஜி ஷிப்பிங் கொடுத்த ஆர்பிஎஸ்எல் என்ற ஆள் எடுக்கும் லைசென்ஸ் உண்டா என்று முதலில் பாருங்கள்.

இனி பாதுகாப்பு. தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்றி வந்தோம். துறைமுகம் நெருங்கும்போது ஹோல்டுக்குள், அதாவது சரக்கு அறைக்குள், இறங்கும் ஏணி அறையில் ஒரு லைட்டை எடுக்க வேண்டியிருந்தது. "ரெண்டு நிமிஷ வேலைதானே, இறங்கு" என்றார் டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன். நானும் காலை வைத்துவிட்டேன். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். காற்றைச் சோதிக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஆக்சிஜன் 14 சதவீதம். வெளிக்காற்றில் 20.9 இருக்க வேண்டும். மூடிக் கிடக்கும் நிலக்கரி ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை வராது, எரிச்சல் இருக்காது, ஆள் சரிவான், தூக்கப் போகிறவனும் அவன் மேலேயே விழுவான். இந்த மாதிரி அடைப்பறையில் நுழைவதற்கான ஒத்திகை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கப்பலில் நிஜமாகவே நடந்தது, ஸ்ட்ரெச்சரில் ஆளைக் கட்டித் தூக்கிப் பார்த்தோம். அன்று வேலை நின்றதற்காக ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. என் கணக்கில் கம்பெனிக்குப் பாதி மார்க் இந்த ஒன்றுக்கே.

லைஃப்போட்டில் ஒரு சீட் பெல்ட் பக்கிள் துருப்பிடித்திருந்தது. எழுதிக் கொடுத்தோம், மாற்று வர நாலு மாதம் ஆனது. தினமும் அந்த சீட்டைத் தாண்டித்தான் போவேன்.

மீதி மார்க்கைக் குறைப்பது தூக்கம். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் என்பது விதி. துறைமுகத்தில் கயிறு கட்டு, ஹேட்ச் மூடியைத் திற, கப்பலில் ஏறும் படியில் காவல் நில் என்று ஒரு நாள் ஐந்து மணி நேரம்தான் படுத்தேன். ஓய்வு நேரம் எழுதும் ஷீட்டில் பதினொன்று என்று இருந்தது. உள்ளதைப் போட்டால் கம்ப்யூட்டரில் கட்டம் சிவப்பாகுமாம். நானும் கையெழுத்துப் போட்டேன், ஒன்பது மாதமும்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் வல்லத்தைக் கரையை விட்டு நகர்த்தாத மனிதர். "பொய்யின்னு தெரிஞ்சேவாடா போட்ட?" என்றார். அடுத்த கான்ட்ராக்ட் கையை விட்டுப் போய்விடும் என்றேன். வலையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

சேரப் போகிறவர்களுக்கு ஒன்று. கம்பெனி பேரை மட்டும் கேட்காதீர்கள், கப்பலின் ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள், ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள தனி அடையாள எண், ஏழு இலக்கம். கப்பல் விவரம் தரும் ஈக்வாசிஸ் (Equasis) இணையதளத்தில் போட்டால் எந்தத் துறைமுகத்தில் சோதனை நடந்தது, கப்பலை நிறுத்தி வைத்தார்களா என்று காசில்லாமல் பார்க்கலாம். எண்ணைத் தர ஏஜெண்ட் இழுத்தடித்தால் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுங்கள்.

தை மாதம் திரும்ப வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. அந்த சீஃப் மேட் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.