டச்பேட் மாத்தணும்னு கடையில சொன்னா முதல்ல பேட்டரியை பாக்க சொல்லுங்க

லேப்டாப்ல கர்சர் தானா குதிக்குது, க்ளிக் ஒழுங்கா விழல, டைப் பண்ணிட்டு இருக்கும்போதே கர்சர் வேற வரிக்கு ஓடிருதுன்னு யாராவது சர்வீஸுக்கு குடுக்கப் போறீங்கன்னா, குடுக்குறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிருங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். காசு போனது கூட பரவால்ல, உப்பின பேட்டரியை கண்ணால பாத்துட்டும் ஒரு வார்த்தை சொல்லாம மூடி என் கையில குடுத்து அனுப்பினாங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. அந்த மெஷினை மடியில வெச்சு வேலை பாத்திருக்கேன், ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டு அதே ரூம்ல படுத்திருக்கேன், என் பொண்ணு அதுலதான் ஹோம்வொர்க் பண்ணா.

ஆரம்பத்துல பெருசா ஒண்ணும் தெரியல. எப்பயாவது க்ளிக் பண்ணா விழாது, இன்னொரு தடவை அழுத்தினா விழும். அப்புறம் கீழ் பக்கம் வலது ஓரத்துல சுத்தமா க்ளிக்கே இல்லாம போச்சு. அதுக்கப்புறம்தான் நேர் எதிரா ஒண்ணு ஆரம்பிச்சது, நான் விரலை சும்மா நகர்த்தினாலே அது அழுத்திப் பிடிச்சு இழுக்கிற மாதிரி எடுத்துக்கும், எழுதின பத்தி பூரா செலக்ட் ஆகி நிக்கும், அந்த நேரம் பாத்து ஏதாவது ஒரு கீ பட்டா மொத்தமா அழிஞ்சிரும். சென்சிட்டிவிட்டியை குறைச்சுப் பாத்தேன், ட்ரைவரை அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ஈரமில்லாத மைக்ரோஃபைபர் துணியால துடைச்சும் பாத்தேன். எதுவும் கேக்கல. சரி, தெரிஞ்சவங்க கிட்ட குடுப்போம்னு ஒரு சர்வீஸ் கடைக்கு கொண்டு போனேன்.

கவுண்டர்ல இருந்தவர் மெஷினை ஆன் பண்ணி விரலை நாலு பக்கமும் ஓட்டிப் பாத்துட்டு, "டச்பேட் போயிருச்சு சார், இந்த மாடல்ல இது காமன் கம்ப்ளெயிண்ட், மாத்தினாதான் சரியாகும்"னாரு. திறந்து பாத்துட்டு சொல்லுங்களேன்னு கேட்டேன். "பாத்தாலே தெரியுது சார், டெய்லி இதான் பண்றோம்"னு பதில். பில்லுல தெளிவா "டச்பேட் ரீப்ளேஸ்மெண்ட்"னு போட்டுத்தான் குடுத்தாங்க. கடையிலயே வெச்சு செக் பண்ணேன், நல்லாத்தான் இருந்துச்சு, க்ளிக் எல்லாம் லேசா விழுந்துச்சு. பழைய பார்ட்டை கேட்டதுக்கு ஸ்க்ராப்புக்கு போயிருச்சுன்னாங்க.

கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் அதே கதை. திரும்ப கொண்டு போனா, புது பார்ட் போட்டாச்சு அதனால ஹார்ட்வேர் இல்ல, விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு, புதுசா போடணும்னு சொல்லி அதுக்கு தனியா பில். பேக்கப் எடுத்துட்டுத்தான் போடுவோம்னு வாய் நிறைய சொன்னாங்க, வந்து பாத்தா டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் மட்டும்தான் இருக்கு, இன்னொரு டிரைவுல வெச்சிருந்த போட்டோ ஃபோல்டர் காலி. அதுவும் சரியாகலைன்னதும் கடைசியா மதர்போர்டுல டச்பேட் ஐசி வீக்கா இருக்கு, போர்டை மாத்திரலாம்னு ஆரம்பிச்சாங்க. டச்பேட், அப்புறம் விண்டோஸ், அப்புறம் போர்டு. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு உறுதியா சொன்னாங்க, ஒரு தடவை கூட "இதுவா இருக்கலாம், செக் பண்ணிட்டு சொல்றோம்"னு வரல. போர்டுங்கிற வார்த்தையை கேட்டதும் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஹார்ட்வேர் வேலை தெரிஞ்ச ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான், ஊர் மாறிப் போயிருந்தவன் அப்பத்தான் வந்திருந்தான். அவன் செஞ்சதை அப்படியே எழுதுறேன், ஏன்னா ஒரு ஸ்க்ரூ கூட கழட்டாம பிரச்சனை எங்க இருக்குன்னு பாதிக்கு மேல கண்டுபிடிச்சுட்டான், இதை யாரு வேணா வீட்டுல பண்ணலாம்.

"டேய், முதல்ல சார்ஜரை கழட்டு"ன்னான். சார்ஜர் மாட்டினா மட்டும் கர்சர் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது, கழட்டினா சரியாயிருதுன்னா டச்பேட் மேல சந்தேகமே பட வேணாமாம், அது எர்த்திங் இல்லாத ப்ளக்கோ மட்டமான அடாப்டரோ பண்ற வேலை. டச்பேட் நம்ம விரல் பக்கத்துல வரும்போது ஏற்படுற ரொம்ப சின்ன மின் மாற்றத்தை அளந்துதான் விரல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்குது, அடாப்டர்ல இருந்து வர்ற மின் இரைச்சல் அதுல கலந்தா அதுக்கு விரல் எது இரைச்சல் எதுன்னு தெரியாது. மெட்டல் பாடி மேல கை வெச்சா லேசா ஜிவ்வுன்னு இருந்தா அதுவும் எர்த்திங் இல்லைங்கிறதுக்கு அடையாளம். எர்த் உள்ள மூணு பின் ப்ளக், ஒழுங்கான ஒரிஜினல் அடாப்டர், அவ்வளவுதான் வைத்தியம். என் மெஷின்ல ரெண்டு நிலைமையிலயும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, அதனால அது இல்லைன்னு ஆச்சு.

அடுத்து டச்ஸ்க்ரீனை ஆஃப் பண்ணான். டச்ஸ்க்ரீன் உள்ள லேப்டாப்னா ஸ்க்ரீன்ல ஓரமா பழுது இருந்தாலும் யாரோ தொட்ட மாதிரி கர்சர் அங்க போய் குதிக்கும், நம்ம டச்பேட்னு நினைச்சு அல்லாடுவோம். டிவைஸ் மேனேஜர்ல ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்குள்ள டச் ஸ்க்ரீன்னு இருக்கிறதை டிசேபிள் பண்ணிட்டு கொஞ்ச நேரம் ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிரும். கீபோர்டு நடுவுல குமிழ் மாதிரி பாயிண்டர் இருக்கிற மாடல்னா அதுவும் சில சமயம் கர்சரை ஒரே பக்கமா இழுத்துட்டு போகும், கையை எடுத்துட்டு சில நொடி விட்டா தானா நின்னுரும்.

அப்புறம் ஒரு பென்டிரைவுல உபுண்டு (விண்டோஸுக்கு பதிலா ஓடுற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டு, இன்ஸ்டால் பண்ணாம ட்ரை பண்ற ஆப்ஷன்ல பூட் பண்ணான். அங்கயும் அதே க்ளிக் பிரச்சனை, அதே இழுவை. விண்டோஸே இல்லாத இடத்துலயும் வருதுன்னா விண்டோஸை ஃபார்மட் பண்ணதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. இந்த ஒரு டெஸ்ட்டை கடையில பண்ணியிருந்தா என் போட்டோ ஃபோல்டர் இன்னைக்கு இருந்திருக்கும். அவங்களுக்கு இது தெரியாதுன்னு நான் நம்பல.

கடைசியா மெஷினை ஷட்டவுன் பண்ணி, மூடி, சமமான கிரானைட் மேல வெச்சு ஒரு மூலையை விரலால தட்டினான். ஆடுச்சு. நாலு ரப்பர் காலும் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா ஆடுச்சு. கண்ணு மட்டத்துக்கு தூக்கி பக்கவாட்டுல பாத்தா டச்பேட்டோட கீழ் ஓரம் பாம்ரெஸ்ட்டை (டைப் பண்ணும்போது கை வைக்கிற இடம்) விட ஒரு நூல் மேல நிக்குது. திருப்பிப் போட்டான், முன் பக்க வரிசையில இருக்க வேண்டிய ஸ்க்ரூ ரெண்டு இல்ல. மீதியும் பாதிதான் முறுக்கியிருக்கு. அவன் ஒண்ணும் பேசல, சார்ஜரை தூர வெச்சுட்டு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து அடி மூடியை திறந்தான்.

பேட்டரில நடு செல் ரெண்டும் தலகாணி மாதிரி உப்பி நிக்குது. அதுக்கு நேர் மேலதான் டச்பேட்.

இப்ப இருக்கிற டச்பேட்ல தனியா பட்டன் கிடையாது, பெரும்பாலும் மேல் பக்கம் கீல் மாதிரி பிடிச்சிருக்கும், கீழ் பாதிதான் இறங்கி அடியில இருக்கிற ஒரு சின்ன ஸ்விட்சை அழுத்தும். அடியில இருந்து பேட்டரி முட்டினா அது இறங்க இடம் இல்ல, க்ளிக் விழாது. இன்னும் முட்டினா ஸ்விட்ச் அழுத்தின நிலையிலயே நின்னுரும், அப்ப நம்ம விரலை நகர்த்துறது எல்லாமே அழுத்திப் பிடிச்சு இழுக்கிற மாதிரி ஆயிரும். என் மெஷின்ல நடந்தது அச்சு அசல் இதான். லித்தியம் அயன் செல் பழசாகியோ, சூடேறியோ, ஓவரா சார்ஜ் ஆகியோ உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் சிதைஞ்சா வாயு உருவாகும், அது வெளிய போக வழி இல்லாததால பை உப்பும். அப்படி உப்பின செல் ஓட்டையானாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கலாம்.

இப்ப அந்த ஸ்க்ரூ விஷயத்துக்கு வாங்க. முன் வரிசை ஸ்க்ரூவை கழட்டிட்டு மத்ததை லூஸா விட்டா அடி மூடி கொஞ்சம் கீழ இறங்கி பேட்டரிக்கு இடம் கிடைக்கும், டச்பேட் மேல அழுத்தம் குறையும், கொஞ்ச நாள் க்ளிக் நல்லா விழும். புது டச்பேட் போட்டு சரியாச்சுன்னு நான் நம்பினது இதைத்தான். பேட்டரி உப்பியிருக்கிறது தெரியாம ஒருத்தர் இந்த வேலையை பண்ணவே முடியாது.

டச்பேட்டாவது மாத்தினாங்களான்னா அதுவும் இல்ல. என் பொண்ணு எப்பவோ டச்பேட்டோட இடது மேல் மூலையில ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி, அதை நான் சுரண்டி எடுத்தப்ப வளைவா ஒரு கீறல் விழுந்துச்சு. அதே கீறல் அதே இடத்துல இருக்கு. ரிப்பேருக்கு ரொம்ப முன்னாடி எடுத்த போட்டோ ஒண்ணுல அந்த மூலை தெளிவா தெரியுது, ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாத்தோம். கடைக்கு போய் காட்டினா, "மேல இருக்கிறது பழசு சார், உள்ள போர்டு மட்டும்தான் புதுசு"ன்னு கூசாம சொல்றாங்க. பெரும்பாலான லேப்டாப்ல மேல் தகடும் அடியில இருக்கிற போர்டும் சேர்த்து ஒட்டி ஒரே பீஸாத்தான் வரும், என்னோடதும் அப்படித்தான். பேட்டரி பத்தி கேட்டதுக்கு, நீங்க அதை கம்ப்ளெயிண்ட்ல சொல்லலையேன்னாரு. கம்ப்ளெயிண்ட்ல சொல்லலைங்க. ஆனா திறந்தவர் நீங்க, பாத்தவர் நீங்க, மூடினவரும் நீங்க.

ஃப்ரெண்ட் பேட்டரி கனெக்டரை பிடுங்கிட்டு, ஸ்க்ரூல நின்ன பேட்டரிங்கிறதால நெம்பாம தூக்கி வெளிய எடுத்துட்டு, அடாப்டர்ல மட்டும் மெஷினை ஓட்டினான். அதே பழைய டச்பேட், நாலு மூலையும் க்ளிக் விழுது. புது பேட்டரி போட்டதுல இருந்து ஒரு தொந்தரவும் இல்ல.

அதனால நீங்க குடுக்குறதுக்கு முன்னாடி, சமமான இடத்துல வெச்சு ஆடுதான்னு பாருங்க, மூடினா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடுதான்னு பாருங்க, டச்பேட் ஓரத்தை விரலால தடவிப் பாருங்க. விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்ப பிடிக்கிற அளவு) டிசைன் கெபாசிட்டியை (புதுசுல பிடிக்க வேண்டிய அளவு) விட எவ்வளவு குறைஞ்சிருக்குன்னும் பாக்கலாம், ஆனா அது நல்லா இருக்குங்கிறதுக்காக உப்பலைன்னு அர்த்தம் இல்ல, கண்ணால பாக்கிறதுதான் முக்கியம். டச்பேட்டை மூலை மூலையா போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, அடிப்பக்க ஸ்க்ரூவையும் சேர்த்து எடுங்க. எஸ்எஸ்டி சீரியல் நம்பர், எத்தனை ஜிபி ரேம்னு குறிச்சு வைங்க. பேக்கப்பை நீங்களே எடுத்துருங்க, அவங்க எடுப்பாங்கன்னு விடாதீங்க. பிட்லாக்கர் (டிரைவுல இருக்கிறதை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா அந்த 48 இலக்க ரிகவரி கீயை முன்னாடியே எடுத்து வைங்க, போர்டை மாத்தினா விண்டோஸ் அதைத்தான் கேக்கும், இல்லைன்னா டேட்டா கையை விட்டு போச்சு. பழைய பார்ட் எனக்கு வேணும்னு குடுக்கும்போதே ஜாப் ஷீட்ல எழுத சொல்லுங்க. எழுத மாட்டேன்னா வேற இடம் பாருங்க.

பேட்டரி உப்பியிருக்குன்னு தெரிஞ்சா உடனே ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடவே போடாதீங்க, அமுக்கி உள்ள தள்ளவோ குத்தி காத்தை விடவோ யார் சொன்னாலும் கேக்காதீங்க. பசை போட்டு ஒட்டின பேட்டரின்னா வீட்டுல நெம்ப வேணாம். குப்பைத்தொட்டில போடாம ஈ வேஸ்ட் எடுக்கிற இடத்துல குடுங்க. காசு குடுத்து மாத்துறதுக்கு முன்னாடி கம்பெனி சைட்ல சீரியல் நம்பர் போட்டு ரீகால் இருக்கான்னு பாத்துருங்க, 2006ல டெல், சோனி செல் போட்ட 41 லட்சம் பேட்டரியை திரும்ப வாங்குச்சு, 2019ல ஆப்பிளும் பழைய 15 இன்ச் மேக்புக் ப்ரோ சிலதுக்கு இலவசமா மாத்திக் குடுத்துச்சு, உங்க மாடலுக்கும் இருக்கலாம்.

கடைக்கு இப்ப மெயில் போட்டிருக்கேன், ரெண்டு பில், கீறல் தெரியிற பழைய போட்டோ, புது போட்டோ, பேட்டரி போட்டோ எல்லாம் வெச்சு. டச்பேட் காசும் விண்டோஸ் காசும் முழுசா திரும்ப வேணும்னு கேட்டிருக்கேன். அடுத்த சர்வீஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு போன்ல சொன்னாங்க, வேணாம், எழுத்துல பதில் குடுங்கன்னுட்டேன். குடுக்கலைன்னா கன்ஸ்யூமர் கம்ப்ளெயிண்ட்தான், பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கு.