ஹுசானோவா, ஷொமுரோதோவா? கூகுள் டிரெண்ட்ஸ் சொல்வதை எவ்வளவு நம்பலாம்

உஸ்பெகிஸ்தான் கால்பந்து வீரர்களில் யாருக்கு மவுசு அதிகம் என்ற வாதம் வந்தாலே யாராவது ஒரு கூகுள் டிரெண்ட்ஸ் படத்தை நீட்டிவிடுகிறார்கள். கூகுளில் எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் இலவசக் கருவி, 2004 முதல் தரவு உண்டு, நாடுவாரியாகப் பிரித்தும் பார்க்கலாம். ஆனால் அதிலுள்ள 100 என்பது தேடல்களின் எண்ணிக்கை இல்லை. தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சப் புள்ளிதான் 100, மற்றதெல்லாம் அதற்கு ஒப்பீடு.

அப்துகோதிர் ஹுசானோவ் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தது 2025 ஜனவரியில். பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் உஸ்பெக் வீரர் அவர். அப்படியொரு செய்தி உச்சமாக அமைந்துவிட்டால், 2021-இல் இத்தாலியின் ரோமா கிளப்புக்குப் போன எல்தோர் ஷொமுரோதோவின் கோடு தரையோடு தேய்ந்து கிடக்கும். அந்த மாதத்தைத் தவிர்த்து இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதுதான் நியாயம்.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய வில்லங்கம். ஆங்கில இதழ்கள் ஹுசானோவை 'கே-எச்' போட்டு எழுதுகின்றன. உஸ்பெக் மொழியின் லத்தீன் எழுத்தில் வெறும் 'எச்'. ரஷ்ய மொழியில் தேடுபவர் அம்மொழியின் சிரிலிக் எழுத்தில் அடிப்பார். ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்தால் தாஷ்கண்டின் பாதித் தேடல் கைநழுவும். கூட்டல் குறி போட்டு மூன்றையும் சேர்க்கலாம், ஆனால் அதே குடும்பப்பெயர் கொண்ட வேறு ஆட்களும் உள்ளே வந்துவிடுவார்கள். பெயரை அடித்ததும் கீழே விரியும் பட்டியலில் கால்பந்து வீரர் என்று காட்டும் 'தலைப்பை'த் தேர்ந்தெடுப்பதே மேல். நாட்டையும் உஸ்பெகிஸ்தான் என்று மாற்றுங்கள். 'உலகம் முழுவதும்' என்று விட்டால் சிட்டி ரசிகர்களின் ஆர்வமும் ஹுசானோவ் கணக்கில் ஏறிவிடும்.

தேடல் என்றால் பாராட்டு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. 2025 ஜனவரி 25-இல் செல்சீக்கு எதிரான முதல் ஆட்டத்தில், மூன்றாவது நிமிடத்திலேயே ஹுசானோவின் தவறால் கோல் விழுந்தது, சற்று நேரத்தில் மஞ்சள் அட்டையும் வாங்கினார். சிட்டி 3-1 என்று வென்றது வேறு கதை. கைதட்டத் தேடியவரும் திட்டத் தேடியவரும் டிரெண்ட்ஸுக்கு ஒன்றுதான்.

உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் விக்கிபீடியாவின் பேஜ்வியூஸ் கருவிக்குப் போங்கள். 2015 ஜூலை முதல் நாள்வாரிப் பார்வைகள் கிடைக்கும், பத்துக் கட்டுரைகள் வரை ஒப்பிடலாம். உஸ்பெக், ரஷ்ய, ஆங்கிலப் பதிப்புகளைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். நாள் கணக்கு உலகப் பொது நேரப்படி ஓடுவதால், தாஷ்கண்டில் காலை ஐந்து மணிக்குத்தான் தேதி மாறும். நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டத்தின் பரபரப்பு முந்தைய நாளில் பாதி, மறுநாளில் பாதி என்று பிரிந்து நிற்கும். இரண்டு நாளையும் கூட்டிப் பாருங்கள்.

உஸ்பெக் நடுக்கள வீரர் அப்போஸ்பெக் ஃபைசுல்லாயெவ் போன்றவர்களின் மவுசை இரண்டு கருவியுமே குறைத்துக் காட்டலாம். உஸ்பெகிஸ்தானில் கால்பந்துப் பேச்சில் பெரும்பங்கு டெலிகிராம் சேனல்களில் நடக்கிறது, அங்கே பகிர்வதும் சண்டை போடுவதும் இந்த இரண்டு கணக்கிலுமே ஏறுவதில்லை.