பழைய சாகா, விராவுக்கு மாற்று மேனிஃபோல்டு: மூன்று வருடப் பயன்பாடும் கூலண்ட் கசிவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கார்புரேட்டர் வைத்த புரோட்டான் சாகா, இஸ்வாரா, விரா காடிகள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. அவற்றில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணி (கூலண்ட்) குறைந்தால் எல்லோரும் முதலில் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும்தான் பார்க்கிறார்கள். கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். ஒரிஜினலுக்குப் பதிலாக வெளிக் கம்பெனி வார்த்த அலுமினிய மேனிஃபோல்டு மாட்டி மூன்று வருடம் ஓட்டியதில் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடலாம். சாமான் மோசமில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டுவதுதான் மோசம்.

இந்தக் காடிகள் பலவற்றில் இருக்கும் 12 வால்வு 4ஜி13, 4ஜி15 கார்புரேட்டர் இன்ஜின்களில் கூலண்ட் மேனிஃபோல்டுக்குள்ளும் ஓடுகிறது. பெட்ரோல் குளிர்ந்த சுவரில் ஒட்டி வழியாமல் ஆவியாக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் சிலிண்டர் ஹெட்டோடு (இன்ஜினின் மேல்பாகம்) சேரும் முகத்தில் காற்று வழிகளின் பக்கத்திலேயே தண்ணீர் வழியும் இருக்கிறது. இடையில் வைக்கும் ஒரே கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) இரண்டையும் காக்க வேண்டும். வருடக்கணக்கில் வெறும் பைப் தண்ணியில் ஓடிய காடியில் அந்த வழியைச் சுற்றி அலுமினியம் அரித்துக் குழி விழுந்துவிடும். கழற்றி விற்கும் பழைய மேனிஃபோல்டுக்கும் பெரும்பாலும் அதே நோய்தான். புது வார்ப்பைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

மாட்டிய பிறகும் ஒழுகினால் கேஸ்கெட்டை மறுபடி மாற்ற ஓடாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். செம்மண் சாலையில் ஓடும் காடிக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஈரம் பட்ட இடத்தில் புழுதி ஒட்டிக்கொண்டு, பூனை மீசை போல மெல்லிய சிவப்புக் கோடாக இறங்கியிருக்கும். கோட்டின் மேல்நுனியில்தான் கசிவு. கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் உதிரும். ஓடும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, சூட்டில் சொட்டு விழுமுன்பே ஆவியாகிவிடும்.

இந்த வகைக் கசிவு பல நேரம் விடியற்காலையில் மட்டும் தலைகாட்டும். குளிரில் உலோகம் சுருங்கி இடுக்கு விடும். இன்ஜின் சூடானதும் விரிந்து மூடிக்கொள்ளும். ஆகவே சோதனையை ஆறிய இன்ஜினில், காலையில் செய்யுங்கள். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை மட்டும் பம்ப் அடியுங்கள். 0.9 என்று இருந்தால் 0.9 பார். அதற்கு மேல் போனால் நல்ல ஹோஸும் கெட்டுவிடும். பதினைந்து நிமிடம் விட்டு, மேனிஃபோல்டின் அடிவிளிம்பில் டிஷ்யூ தாளை மடித்து ஓட்டுங்கள். கை நுழையாத இடத்துக் கசிவையும் தாள் காட்டிக்கொடுக்கும். டெஸ்டரின் முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் தண்ணி உள்ளே, காற்று வழிக்குள் போகிறது என்று சந்தேகப்படுங்கள். ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை, நான்கு பிளக்கில் ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் சுத்தமாக இருப்பது, இரண்டும் அதற்குச் சாட்சி. அந்த நிலையில் காடியை ஓட்டாதீர்கள். இரவில் சிலிண்டருக்குள் தண்ணி சேர்ந்திருந்தால், காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது கனெக்டிங் ராடே வளைந்துபோகும்.

மாற்றுச் சாமானில் முதலில் அளக்க வேண்டியது முகத்தின் சமநிலை. நல்ல இரும்பு ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்விளிம்புப் பட்டை) நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையாவிட்டால் அருமை. 0.15 நுழைந்தால் மாட்டாதீர்கள், பட்டறையில் கொடுத்து முகம் சீவ வேண்டும். தண்ணீர் வழி முகத்தின் ஓரத்தில் இருப்பதால் கொஞ்சம் வளைந்திருந்தாலும் முதலில் பாதிக்கப்படுவது அதுதான். ஹெட் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பழைய அரிப்பு அங்கேயும் இருக்கும். புது மேனிஃபோல்டைக் குழி விழுந்த ஹெட்டில் மாட்டிவிட்டுச் சாமானைத் திட்டுவது நியாயமில்லை. சின்னக் குழியென்றால் எண்ணெய்ப் பசை போகச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் உலோக ஈபாக்ஸி வைத்து, இறுகியதும் சமமாகத் தேய்த்துவிடலாம். குழி தண்ணீர் வழியின் விளிம்பையே தின்றிருந்தால் வெல்டிங் வைத்துச் சீவுவதுதான் வழி.

அடுத்தது போல்ட். இதில்தான் கைதேர்ந்த பொமேன்களும் (மெக்கானிக்குகளும்) ஏமாந்துபோகிறார்கள். வெளியே வார்த்த சாமானின் ஃபிளாஞ்ச் (போல்ட் நுழையும் விளிம்பு) கனம் ஒரிஜினல் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. கனம் குறைந்திருந்தால் பழைய போல்ட், ஹெட்டில் மறுபக்கம் திறக்காத குருட்டு ஓட்டைக்குள் அடி தட்டி நிற்கும். ஸ்பானருக்கு இறுகியது போலத் தெரியும், ஆனால் ஃபிளாஞ்ச் அழுந்தியிருக்காது. கேஸ்கெட் வைக்குமுன் போல்ட்டை ஃபிளாஞ்சில் நுழைத்து, வெளியே நீட்டும் நீளத்தையும் ஹெட் ஓட்டையின் ஆழத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். நீளம் அதிகமென்றால் தடித்த வாஷர் போடுங்கள், அல்லது குட்டையான போல்ட் வாங்குங்கள். இறுக்குவதை நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் மாறி மாறி, மூன்று தவணையாக, 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுபோங்கள். அதற்கு மேல் இழுத்தால் அலுமினிய மரை உரிந்து, புது மரைச் சுருள் வைக்கும் ஹெலிகாயில் வேலை வந்து சேரும்.

கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். சிலிக்கோன் வேண்டுமென்றால் தண்ணீர் வழியைச் சுற்றி மட்டும், விரலால் தடவிய மெல்லிய படலமாக. பிதுங்கும் அளவு வைத்தால் உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து தெர்மோஸ்டாட்டிலோ ரேடியேட்டர் குழாயிலோ அடைத்துக்கொள்ளும். டியூப்பில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தால் 24 மணி நேரம் காத்திருங்கள்.

சூடு காட்டும் முள்ளுக்கான சென்சார் ஒற்றை வயர் வகையென்றால் அதன் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டாதீர்கள். அது மேனிஃபோல்டு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. டேப் தடித்தால் எர்த் கெட்டு, இன்ஜின் கொதித்தாலும் முள் கீழேயே கிடக்கும். திரவ மரை சீலன்ட் ஒரு சொட்டு போதும். அழுத்திச் செருகிய ஹோஸ் குழாய்களையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள்.

கூலண்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. நம்மூரில் உறைபனி இல்லையே என்று பைப் தண்ணி ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே கூலண்டின் பெரிய வேலையே அரிப்பைத் தடுப்பது. காடியின் மூக்கை ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் திறந்து வைத்து, மூடி இல்லாமல் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

மூன்று வருடத்தில் இந்த வார்ப்பு விரிசல் விடவில்லை, வளையவும் இல்லை. ஒரிஜினலை விட உள்வழி கரடுமுரடு என்றாலும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே குறை, முதல் 1,000 கிலோமீட்டருக்குள் கேஸ்கெட் அமர்ந்து போல்ட் கொஞ்சம் தளர்ந்தது. ஆறிய இன்ஜினில் அதே டொர்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) ஒருமுறை இறுக்கியதோடு நின்றது. அதன்பின் மாதம் ஒருமுறை டார்ச் அடித்து அடிவிளிம்பைப் பார்த்தால் போதும். புழுதி பொடியாக உதிர்ந்தால் நல்லது. களிம்பாக ஒட்டினால் டெஸ்டரை எடுங்கள்.